செலண்டாரில் திருப்பிக் கொடுத்த முதலிடம்

ஈரோட்டில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் எனக்கு மலேசியாவில் உள்ள மலாக்காவுக்குப் போக ஒரு காரணம் கிடைத்தது. சித்தி மகள் பிரேமா அங்கே பாச்சாங்கில் வீடு வாங்கியிருந்தாள். கிரகப்பிரவேசத்தை நான்தான் படம் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அவள் வீட்டைப் பார்க்கும் ஆசை இருந்தது. அதைவிடப் பெரிய ஆசை, அதே மாநிலத்தில் செலண்டார் என்ற ஊரில் இருக்கும் மணிமாறன் என்பவரைப் பார்ப்பது. நேரில் ஒரு தடவைகூடப் பார்க்காத அந்த மனிதர்தான் என் கணினியைச் சாகாமல் காப்பாற்றியவர்.

என்னிடம் இருப்பது பழைய கணினி. முகூர்த்த மாதங்களில் வேலை குவியும்போது அது திணறும். புதிது வாங்க வழியில்லாமல், இருப்பதையே வேகமாக ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஓவர்கிளாக்கிங் என்பார்கள். செய்து விற்றவர்கள் குறித்துக் கொடுத்த வேகத்தைத் தாண்டி, கணினியின் மூளையான ப்ராசசரை ஓட்டுவது. அதற்கு மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டும், ஏறும் சூட்டை இறக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் எல்லாம் போச்சு.

என்னைப் போலத் தேவைக்காக வந்தவர்களும், வெறும் ஆசைக்காகச் செய்பவர்களும் சேர்ந்த தமிழ்க் குழு ஒன்று இணையத்தில் இருக்கிறது. சேலத்துக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர், மலேசியாக்காரர் எல்லாரும் உண்டு. அங்கே ஒரு வழக்கம். ஜெயித்ததை எழுதினால் கெடுத்ததையும் எழுத வேண்டும். ஒருமுறை யாரோ வெளியிட்ட காணொளியைப் பார்த்து அதே மின்னழுத்தத்தை வைக்கப் போனேன். அதற்குச் சற்று முன் மணிமாறனின் பதிவு கண்ணில் பட்டது. என்னுடையதைப் போன்ற அதே மதர்போர்டு, நடுவில் கரிந்து கிடந்தது. கீழே எழுதியிருந்தார்: "இது நான் செஞ்ச தப்பு. நீங்க செய்யாதீங்க." கையை எடுத்துவிட்டேன். அந்த சீசன் முழுவதும் அந்தக் கணினிதான் எனக்குச் சோறு போட்டது.

மலாக்காவில் இறங்கிய அன்றே தவறான பஸ்ஸில் ஏறினேன். பாச்சாங் என்று ஓட்டுநரிடம் சொன்னேன், அவரும் தலையாட்டினார். வெகுநேரம் போன பிறகும் பிரேமா சொன்ன அடையாளம் எதுவும் வரவில்லை. எங்கள் ஊர் பஸ் என்றால் கண்டக்டர் அதற்குள் மூன்று முறை திட்டியிருப்பார். இங்கே கண்டக்டரே இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த மலாய் அம்மாள் ஏதோ கேட்டார். பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண் மொழிபெயர்த்தாள். "பயப்பட வேணாம் அக்கா. இந்த பஸ் சுத்திட்டு அங்கதான் வரும்னு மக்சிக் சொல்றாங்க." பெரியம்மாவை அங்கே மக்சிக் என்கிறார்கள். அந்த மக்சிக் பையிலிருந்து வாழையிலையில் மடித்த இனிப்புப் பலகாரம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே தேங்காயும் வெல்லமும். எங்கள் ஊர்க் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை.

கிரகப்பிரவேசம் நல்லபடியாக முடிந்தது. பசுமாட்டுக்குப் பதிலாக வாசலில் ஒரு பசுவின் சிலை நின்றது. பால் பொங்கியதும் தீ எச்சரிக்கை மணி அலறியது. ஐயர் மந்திரத்தை நிறுத்தவில்லை.

மறுநாள் காலை கோகிலா வந்தாள். பாச்சாங்கில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை செய்கிறாள். குழுவில் குரல் பதிவுகளாக மட்டுமே, அந்த ஊர்க்காரர்கள் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் 'லா'வோடு, எனக்குத் தெரிந்தவள். மணிமாறனும் அவளும் ஒரே அணி. அன்று செலண்டாரில் உலர் பனிக்கட்டி, அதாவது டிரை ஐஸ், வைத்துக் குளிராக்கிக் கணினியை ஓட்டப் போகிறார்கள். என்னையும் என் கேமராவையும் அழைத்துப் போக வந்திருந்தாள்.

"அக்கா, வழியில ஐஸ் எடுக்கணும். காரு ஜன்னல் எல்லாம் திறந்துதான் இருக்கும். பரவால்லையா?"

"சரிங்க," என்றேன். அவள் சிரித்தாள். "என்னைப் போய் 'ங்க' போடுறீங்களே."

மீன் ஏற்றுமதி செய்யும் ஆ ஹெங் என்ற சீனர் பனிக்கட்டியை வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். அதிலிருந்து வரும் வாயு மூடிய காரில் சேர்ந்தால் மூச்சு முட்டிவிடும் என்பதால் ஜன்னலைத் திறந்து வைத்தே ஆக வேண்டும். ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலை மூட முடியாது. இருவரும் தொப்பலாக நனைந்தோம். நான் கேமராவைச் சேலைக்குள் பொத்திக்கொண்டேன். சிவப்பு விளக்கில் நின்றபோது ஒரு மோட்டார் சைக்கிள்காரர் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். வண்டி புகைகிறதாம். கோகிலா மலாயில் பதில் சொன்னதும் இன்னொரு கேள்வி கேட்டார். "என்ன கேக்கறாருங்க?" என்றேன். "ஐஸ்கிரீம் விக்கிறீங்களான்னு கேக்குறாரு அக்கா."

போகும்போதே கோகிலா ஒரு விஷயம் சொன்னாள். கோலாலம்பூரில் ஒரு போட்டி வருகிறது. அவளுடைய கணினி பழையது. ஊரில் ஒரு கடைக்காரர், இணையத்தில் உள்ள ஓவர்கிளாக்கிங் உலகப் பட்டியலில் அணி முதலிடம் பிடித்தால் போட்டிக்குப் புது போர்டும் ப்ராசசரும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மணிமாறனிடம் உள்ள ப்ராசசர் வகையில் முதலிடத்தில் இருப்பவர் ஒரு போலந்துக்காரர். வருஷக்கணக்கில் அவரை யாரும் அசைக்கவில்லை.

செலண்டாரை நெருங்கும்போது மழை விட்டிருந்தது. இருபுறமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் மணிமாறன் மேசை போட்டுக் காத்திருந்தார். சுவர் இல்லாத மண்டபம், காற்று நன்றாக ஓடும். அதனால்தான் வீட்டில் செய்யாமல் இங்கே. அவருக்குப் பக்கத்து ஊரான அலோர் காஜாவில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அந்த எரிந்த போர்டு பதிவுக்கு நான் நன்றி சொன்னதும் கூச்சப்பட்டுவிட்டார்.

"அதைப் போட்டப்ப என் சம்சாரம் கேட்டிச்சு. நாலு பேரு சிரிக்க மாட்டாங்களான்னு. சிரிக்கட்டுமே. ஒரு ஆளு போர்டு பொழச்சா போதும் இல்ல?"

"பொழச்சுதுங்கண்ணா," என்றேன். "என்னுதுதான்."

அவர் மனைவி லெட்சுமி எல்லாருக்கும் நாசி லெமாக் பொட்டலம் கட்டி வந்திருந்தார். தேங்காய்ப்பால் சோறு, காரச் சம்பல், வறுத்த நெத்திலி. நான் சாப்பிட்டு முடிக்கும் முன்பே இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டார்.

வேலை தொடங்கியது. போர்டு முழுக்க வாசலின் பூசியிருந்தார்கள். மலாக்காவின் ஈரக் காற்று குளிர்ந்த பாகத்தில் பட்டால் தண்ணீராக மாறிவிடும், அது உள்ளே போகக்கூடாது. ப்ராசசரின் மேல் கடைசல் பட்டறையில் செய்த ஒரு செம்புக் குவளை. அதில் அசிட்டோன் ஊற்றி, கோகிலா பனிக்கட்டியை உடைத்து உடைத்துப் போட்டாள். குவளை பொங்கி வெண்புகை வழிந்தது. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கட்டி போடுவது என்று பார்க்க, வினாடி காட்டும் கடிகாரத்தைத் தன் கைப்பேசியில் திறந்து திரைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார் மணிமாறன். நான் கேமராவை முக்காலியில் நிறுத்தினேன்.

சோதனை இதுதான்: பை என்ற எண்ணைக் கோடிக்கணக்கான இலக்கங்களுக்குக் கணக்கிட வேண்டும். யாருடைய கணினி குறைந்த நேரத்தில் முடிக்கிறதோ அவருக்கு முதலிடம். நேரத்தைக் கணினியே அளந்து சொல்லும்.

பலமுறை நின்று நின்று போனது. அவர்கள் விரும்பிய வேகத்தில் கணினி தொடங்கவே மறுத்தது. கடைசியில் மணிமாறன் வேறு அமைப்பில் தொடங்கி, திரை வந்த பிறகு அடிப்படை வேகத்தைச் சற்றுக் குறைத்து, அதைப் பெருக்கும் எண்ணைக் கூட்டினார்; இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் ப்ராசசரின் வேகம். ஓடியது. முடிந்து எண் வந்தபோது கோகிலா வாயைப் பொத்திக்கொண்டாள். போலந்துக்காரரைச் சில வினாடிகளில் முந்தியிருந்தார்கள்.

மணிமாறன் எழுந்து மண்டபத்தை ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடி திரையைப் பார்த்தார். "சரியாத்தானே இருக்கு?" என்றார். திரையைப் படம் எடுத்துக் குழுவிலும் உலகப் பட்டியலிலும் ஏற்றினார்கள். நாங்கள் கிளம்பும் முன்பே வாழ்த்துகள் வரத் தொடங்கின. போலந்துக்காரரும் ஒரு வரி எழுதியிருந்தார்: "அருமை, வாழ்த்துகள்."

அன்று சாயங்காலம் பிரேமா வீட்டில் உட்கார்ந்து குழுவுக்காக ஒரு சின்ன வீடியோ வெட்டத் தொடங்கினேன். ஓட்டம் தொடங்கிய நொடியையும் முடிந்த நொடியையும் குறித்தேன். அது என் தொழில் பழக்கம், தாலி ஏறும் நொடிக்கு நாதஸ்வரத்தைச் சேர்ப்பது போல. நீளம் பொருந்தவில்லை. என் பதிவில் ஓட்டம், கணினி சொன்னதைவிட ஏறக்குறைய அரை நிமிடம் கூடுதலாக இருந்தது.

என் கேமராதான் தப்பு என்று நினைத்தேன். பிறகு படத்தின் ஓரத்தில் மணிமாறனின் கைப்பேசி தெரிந்தது. அதன் வினாடிகளை எண்ணினேன். கைப்பேசியும் கேமராவும் ஒரே நேரம் காட்டின. கணினி மட்டும் குறைவாகக் காட்டியது.

குழுவில் இதைப் பற்றி எப்போதோ படித்திருந்தேன். சில கணினிகளில், திரை வந்த பிறகு அடிப்படை வேகத்தைக் குறைத்தால் உள்ளிருக்கும் கடிகாரமும் சேர்ந்து மெதுவாகிவிடும். கணினி தன் ஓட்டத்தை அந்தக் கடிகாரத்தால்தான் அளக்கிறது. கடிகாரம் மெதுவானால் நேரம் குறைவாகத் தெரியும். புதிய போர்டுகளில் இது வராது என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

பிரேமாவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "வேற யாருக்கும் தெரியாதுல்ல? விருந்தாளியா போன இடத்துல நீ ஏன் சுமதி இழுத்துக்கிற? மூணு நாள்ல ஊருக்குப் போகப்போற," என்றாள். அவள் சொன்னதில் அன்புதான் இருந்தது. எனக்கும் பயம்தான். கோகிலாவின் முகம் கண்முன் நின்றது. லெட்சுமி பிரித்து வைத்த இரண்டாவது பொட்டலமும்.

மறுநாள் மணிமாறன் என்னையும் கோகிலாவையும் அலோர் காஜாவுக்குக் கூப்பிட்டிருந்தார். அன்று விடுமுறை எடுத்திருந்தார். "இன்னிக்கு நான் பெலாஞ்சா," என்றார், விருந்து தன்னுடையது என்று அர்த்தம். ரொட்டி சானாய் கடை. மாவை வீசி வீசி விரிக்கும் அழகைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பரோட்டா மாஸ்டர்கள் சண்டைக்கு வருவார்கள். அவருக்குத் தெரிந்தவர்கள் மேசைக்கு வந்து கை குலுக்கிப் போனார்கள். உயர இழுத்து ஆற்றிய தே தாரிக் தேநீர் வந்தது, நுரை தளும்ப. என்னால் குடிக்க முடியவில்லை.

"அண்ணா, ஒண்ணு காட்டோணுங்க," என்று மடிக்கணினியைத் திறந்தேன். "நான் பார்த்தது தப்பா இருந்தா நல்லதுங்க."

ஓட்டினேன். கோகிலாதான் முதலில் பேசினாள். "கேமரா தப்பா இருக்கும் லா அக்கா."

"நானும் அப்படித்தான் நினைச்சனுங்க. அண்ணன் போனைப் பாருங்க."

மணிமாறன் மூன்று முறை பார்த்தார். அவர் தட்டில் ரொட்டி ஆறிப்போனது. என்னைத் திட்டுவார் என்று நினைக்கவில்லை. ஆனால் ஏதாவது சமாதானம் சொல்வார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "இது வேற யாருக்காச்சும் அனுப்பினியா தங்கச்சி?"

"இல்லீங்கண்ணா."

"அனுப்பியிருந்தாலும் தப்பில்ல. எங்ககிட்ட முதல்ல காட்டினதுக்கு டேங்க்ஸ். வாங்க, வீட்டுக்குப் போய் ஓட்டிப் பாப்போம்."

கடிகாரத்தைச் சோதிக்கப் பனிக்கட்டி தேவையில்லை. செலண்டாரில் அவர் வீட்டு வரவேற்பறையில், சாதாரண மின்விசிறியோடு மெதுவான வேகத்தில், நேற்று செய்த அதே மாற்றத்தைச் செய்தார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார் லெட்சுமி. எல்லாரும் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தோம். கணினியின் கடிகாரம் பின்தங்கிக்கொண்டே போனது.

கோகிலா எழுந்து வெளியே போய்விட்டாள். துணிக்கொடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். நான் பின்னால் போகப் பார்த்தேன். லெட்சுமி கையைப் பிடித்து நிறுத்தினார். "கொஞ்ச நேரம் விடு பிள்ள. போட்டிக்கு அவ எவ்ளோ ஆசைப்பட்டான்னு எங்களுக்குத் தெரியும்."

திரும்பி வந்தபோது கோகிலாவின் கண் சிவந்திருந்தது. "நான் எழுதுறேன் மாமா," என்றாள் மணிமாறனிடம். "நேத்து ஏத்துனது நான்தானே." அவள் எழுதியதை எங்களுக்குப் படித்துக் காட்டினாள். "நேத்து நாங்க போட்ட நேரம் தப்பு. கம்ப்யூட்டர் கடிகாரம் மெதுவா ஓடியிருக்கு. எங்களுக்குத் தெரியாம நடந்தது, ஆனா தப்பு தப்புதான். பட்டியல்ல இருந்து எடுத்துட்டோம். எப்படி நடந்துச்சுன்னு வீடியோ கீழ இருக்கு. இந்த போர்டு வச்சிருக்கவங்க உங்க கடிகாரத்தையும் பாருங்க. கண்டுபிடிச்சது ஈரோடு சுமதி அக்கா."

"என் பேரு வேண்டாமுங்க," என்றேன்.

"இருக்கட்டும் லா."

அதையே ஆங்கிலத்தில் உலகப் பட்டியலிலும் போட்டாள். பிறகு அவளே கடைக்காரரைக் கைப்பேசியில் அழைத்து விஷயத்தைச் சொன்னாள். பேசி முடித்து, "முதலிடம் வந்தா சொல்லும்மா, பாக்கலாம்னு சொல்றாரு," என்றாள். அவர் பேச்சில் கோபம் இல்லையாம். பாகங்களும் இல்லை.

லெட்சுமி மீன் அசாம் பெடாஸ் வைத்தார். புளியும் மிளகாயும் தூக்கலாக இருக்கும் குழம்பு. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். அந்தச் சாப்பாட்டில் என்மேல் ஒரு சுளிப்பாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மணிமாறன் மீனின் நல்ல துண்டை என் தட்டுக்குத் தள்ளினார்.

ஊர் திரும்பும் நாளுக்கு முந்திய காலை கோகிலா பிரேமா வீட்டு வாசலில் நின்றாள். கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். போலந்துக்காரர் எழுதியிருந்தார், நீளமாக. பதிவைப் பார்த்ததும் தன் கடிகாரத்தையும் சோதித்தாராம், சரியாக இருந்ததாம். அதற்குப் பிறகு எழுதியிருந்ததைக் கோகிலா தமிழில் சொன்னாள்.

"நீங்க கேக்காமலே உங்க தப்பைச் சொல்லிட்டீங்க. நான் இத்தனை வருஷம் சொல்லாம வச்சிருந்ததை இப்ப சொல்றேன். இந்த ப்ராசசர் ரொம்பக் குளிர்ல எழுந்திரிக்காது. ஐஸ் கம்மியா வச்சு, கொஞ்சம் சூட்டுலயே ஸ்டார்ட் பண்ணுங்க. அப்புறம் குளிராக்குங்க. எதையும் நடுவுல மாத்த வேண்டியதே இல்ல. இதைத் தெரிஞ்சுக்க நான் ரெண்டு போர்டைக் கொன்னேன்." கீழே தன் அமைப்புகள் எல்லாவற்றையும், எந்தெந்த மின்னழுத்தம் என்பது உட்பட, விவரமாகக் கொடுத்திருந்தார்.

"ஆ ஹெங் அங்கிள்கிட்ட கேட்டேன். ஐஸ் இருக்காம். கிளம்புங்க அக்கா," என்றாள் கோகிலா. பிரேமா கதவருகே வந்து நின்றாள். "நானும் வரட்டா?" என்றாள்.

இம்முறை மழை இல்லை. மணிமாறன் அலுவலகத்திலிருந்து அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அதே மண்டபம். பனிக்கட்டி போடும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கையுறையை மாட்டிக்கொண்டு, முதல் கட்டியைக் குவளைக்கு மேல் பிடித்தபடியே நின்றேன். "பயப்படாத தங்கச்சி. நீ படபடன்னு போட்டாத்தான் ஆபத்து. சாம்பாருக்கு உப்பு போடுற மாதிரி போடு," என்றார் மணிமாறன்.

குறைந்த குளிரில் கணினி ஒரே தடவையில் எழுந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிகளைப் போட்டேன். குவளையில் வெண்பனி பூத்தது. ஓட்டம் முடியும்வரை எதையும் யாரும் தொடவில்லை. பிரேமா மட்டும் கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எண் வந்தது. கைப்பேசியோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரே நேரம். போலந்துக்காரரை முந்தவில்லை. அவருக்கு அடுத்த இடம், இரண்டாவது. அதுவரை அவர்கள் நேர்மையாக ஓட்டிய எல்லாவற்றையும்விட வேகம். மணிமாறன் நாற்காலியில் சாய்ந்தார். "இது நம்மளுது," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கோலாலம்பூருக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கோகிலாவிடம் கேட்டேன். தன் பழைய கணினியோடேயே போகப்போவதாகச் சொன்னாள். "தோத்தாலும் நாலு பேரைப் பாக்கலாம்ல அக்கா. கேட்டுக் கத்துக்கலாம்."

பட்டியலில் ஏற்ற உட்கார்ந்தாள். அணி உறுப்பினர்கள் என்ற இடத்தில் மணிமாறன், செலண்டார் என்று எழுதினாள். கோகிலா, பாச்சாங் என்று எழுதினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மூன்றாவது வரியைத் தொடங்கினாள்.

"நான் ஐஸ்தானுங்க போட்டேன்," என்றேன்.

"நீங்க இல்லன்னா எங்ககிட்ட இன்னும் அந்தப் பொய் நம்பர்தான் இருக்கும்," என்றாள், தட்டச்சை நிறுத்தாமல். "ஈரோட்டுக்கு இங்கிலீஷ்ல எத்தனை 'ஓ' அக்கா?"